கலங்கல் நின்ற நாள்

வெள்ளாம்பூண்டி ஏரி கலங்கல் போனால் அன்றைக்கு ஊரில் ஒரு வீட்டிலும் சாம்பார் கொதிக்காது. ஏரி நிரம்பி மிச்சத் தண்ணீர் கல் வரிசையைத் தாண்டி விழுகிற இடம்தான் கலங்கல். விழுகிற தண்ணீரை எதிர்த்துக்கொண்டு கெண்டையும் கெளுத்தியும் துள்ளும். கூடை, கொசுவலை, கிழிந்த சேலை, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஊரே ஓடும். நாலு வருஷம் ஏரிக்குள் மாடு மேய்ந்த பிறகு, ரெண்டாயிரத்து ஐந்து ஐப்பசியில்தான் அப்படியொரு மழை பிடித்தது. ஏரி ரொம்பியது. கலங்கலும் போனது. போகும்போது தேவகியின் வீட்டுக்காரன் எல்லப்பனையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. உடம்பு இன்னும் கிடைக்கவில்லை.

அதனால் யாரும் கூடையைத் தொடவில்லை என்று சொல்ல ஆசைதான். முதலில் தொடவில்லை. அப்புறம் ஒரு மத்தியானம் பின்தெருவிலிருந்து மீன் குழம்பு வாசனை வந்தது. தேவகி எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. கூலி வேலை இல்லாத அடைமழை நாளில் நொய்க் கஞ்சிக்கு வேறு எதைத் தொட்டுக்கொள்வார்கள். ஆனாலும் அவள் ஜன்னலைத் திறக்கவில்லை. பொண்ணு அம்முலு, ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவள், லீவு போட்டுவிட்டு அம்மாவின் காலடியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

எல்லப்பன் அரசாங்க ஆள் இல்லை. இல்லாதவன் என்றும் சொல்ல முடியாது. மதகு திறந்து மூட முன்பு முனியன் என்று ஒரு சர்க்கார் ஆள் இருந்தார். லஸ்கர் என்பார்கள். அவர் ரிட்டயர் ஆன அன்று மதகுச் சாவியை எல்லப்பன் கையில் கொடுத்து, "வேற ஆளு போடற வரைக்கும் நீ வெச்சிரு நைனா" என்றார். சாவி என்றால் பூட்டுச் சாவி இல்லை, மதகுப் பலகையை ஏற்றி இறக்குகிற வளைந்த இரும்பு, அவ்வளவுதான். வேறு ஆள் வரவே இல்லை. அரசாங்கத்தில் ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள் என்று டீக்கடையில் பேப்பர் படித்தவர்கள் சொன்னார்கள். எல்லப்பன், எனக்கு என்ன தருவீர்கள் என்று கேட்கிற ரகம் இல்லை. அறுப்பு முடிந்தால் களத்தில் அவனுக்கென்று கொஞ்சம் நெல்லைத் தள்ளி வைப்பார்கள். சிலர் தள்ளி வைக்க மறந்தும் போவார்கள்.

காய்ந்த மாடு கம்பங்கொல்லையில் பாய்ந்த கதையாக, தண்ணீரைக் கண்டதும் ஊருக்கு ஆசை வந்துவிட்டது. கலங்கல் கல்லின்மேல் மணல் மூட்டை அடுக்கினால் ஏரியில் ஒரு முழம் தண்ணீர் கூடுதலாக நிற்கும். அந்த ஒரு முழம் இருந்தால் சம்பாவுக்கு அப்புறம் ரெண்டாம் போகமாக நவரையும் நடலாம். பாட்டன் காலத்திலிருந்து செய்கிற வேலைதான். ஊரே கூடி அடுக்கியது. காலி யூரியா சாக்குகளைத் தைத்துக் கொடுத்த பொம்பளைகளில் தேவகியும் ஒருத்தி. எல்லப்பன் ஒருவன்தான், "கரை ஊறிக்கினு கீது, மூட்டைய எடுத்துரலாம்" என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். பாசன சங்கத் தலைவர் கிருஷ்ணசாமி, "மய வுட்டுரும்டா, இன்னும் ரெண்டு நாளு பாரு" என்றார்.

தேவகியும் வீட்டில் அதையேதான் சொன்னாள். "நம்ம கயனிக்கும்தானய்யா நவரை வோணும். உனக்கு மட்டும் இன்னா பேஜாரு?" என்றாள். இப்போது அந்த வார்த்தை அவள் தொண்டையில் மீன்முள்ளாக நின்றுகொண்டிருந்தது.

மறுநாள் விடியற்காலை கரை ஓரிடத்தில் கசிந்தது. எல்லப்பன் போய் மூட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தள்ளினான். கடைசி வரிசை மொத்தமாகப் பெயர்ந்தபோது அதோடு அவனும் போனான். வெளிக்குப் போன ரெண்டு பேர் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுக் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். கரை நின்றது. ஊரும் நின்றது.

தீயணைப்பு வண்டி வந்தது. கலங்கலுக்குக் கீழே ஓடுகிற கால்வாய் முழுக்க வேலிகாத்தான் முள். கழுத்தளவு தண்ணீர், நல்ல இழுப்பு. கயிற்றைக் கட்டி இறங்கிப் பார்த்த ஆள் முகமெல்லாம் கீறலோடு மேலே வந்தார்.

"கலங்கல் நின்னாத்தாம்மா எறங்க முடியும். ரெண்டு மதகையும் தொறந்து ஏரிய ஒரு சாண் வடிய வெக்கச் சொல்லுங்க. வடிஞ்சா மேல வழியாது. சொல்லி அனுப்புங்க, ஓடி வரோம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஊரில் சுவர் விழுந்த இடத்துக்கு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

தேவகிக்கு வேண்டியது அந்த ஒரு சாண்தான். அவன் செத்துப்போனது அவளுக்குத் தெரியும். ஆனால் உடம்பைப் பார்க்காமல் தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று பங்காளி வீட்டுப் பொம்பளைகள் அவள் எதிரிலேயே பேசிக்கொண்டார்கள். குளிப்பாட்டி, வாய்க்கரிசி போட்டு அனுப்பாமல் அவனை முள்ளுக்குள் கெண்டை கடிக்க விட்டுவிட்டு அவளால் ஒரு வாய் கஞ்சி இறக்க முடியவில்லை.

அம்முலுவைக் கூட்டிக்கொண்டு உத்திரமேரூருக்குப் பஸ் ஏறினாள். பொதுப்பணித்துறை ஆபீசில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"மதகைத் திறக்கணும்னா மேலருந்து ஆர்டர் வரணும்மா. வந்தாலும் திறக்கிறதுக்கு ஆள் இல்ல. அந்தப் போஸ்ட்டே காலி. உங்க ஏரியைச் சங்கத்துகிட்டயே ஒப்படைக்கப்போறதா பேச்சு. நீங்க எதுக்கும் உங்க தலைவரைப் பாருங்க."

தலைவர் கிருஷ்ணசாமி கண்கலங்கினார். அது பொய்யான கலக்கம் இல்லை.

"எம்மா தேவகி, நா இன்னா பண்ணட்டும் சொல்லு. ஏரி சர்க்காருது. நா தொறந்துட்டு நாளிக்கு எவன் பதில் சொல்றது? கீய நாத்து நட்டு வேரு புடிக்கலம்மா. ரெண்டு மதகையும் ஒண்ணா வுட்டா கயனியெல்லாம் முயுகிடும். ஊரு என்ன மென்னுடும்."

"ஊருக்கோசரம்தான மாமா அவரு போனாரு."

"இல்லன்னு சொன்னா என் நாக்கு அயுகிடும்."

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மதகைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை.

மழை விட்டது. வெயிலைக் கண்டதும் கார்கள் வந்தன. கலங்கல் கால்வாயைத் தார்ரோடு தாண்டுகிற இடத்தில் ஒரு சிறுபாலம் உண்டு. பாலத்துக் கண்ணை முள்ளும் குப்பையும் அடைத்துக்கொண்டதால் தண்ணீர் ரோட்டோரமாக ஏறி ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்து மேட்டில்தான் பந்தல் போட்டார்கள். காலையில் எதிர்க்கட்சியின் கண்டனக் கூட்டம், சாயந்திரம் ஆளுங்கட்சியின் அஞ்சலிக் கூட்டம். பந்தலும் நாற்காலியும் மைக்செட்டும் ஒன்றுதான், கொடியை மட்டும் மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. எல்லாம் உத்திரமேரூர் குத்புதீனுடையது. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். குத்புதீன் முகத்தில் கொண்டாட்டம் எதுவும் இல்லை. வருஷா வருஷம் ஆடித் திருவிழாவுக்குக் குழாய் ஸ்பீக்கரைப் புளியமரத்தில் ஏறிக் கட்டிக் கொடுப்பது எல்லப்பன்தான். இந்த முறை குத்புதீன் கீழேயே கம்பம் நட்டுக் கட்டினார்.

தேவகியை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். எதிர்க்கட்சிப் பேச்சாளர் பாஸ்கர் நல்ல கணீர்க் குரல்காரர்.

"ஒரே ஒரு லஸ்கர்! ஒருத்தரே ஒருத்தர் இந்தக் கரையில இருந்திருந்தா நம்ம எல்லப்பன் இன்னைக்கு உயிரோட இருந்திருப்பாரா, மாட்டாரா? ஆபீஸ்ல ஆளக் குறை, ஆஸ்பத்திரில நர்ஸக் குறை, பள்ளிக்கூடத்துல வாத்தியாரக் குறைன்னு குறைச்சுக்கிட்டே வந்தாங்க. கடைசியில குறைஞ்சது யாரு? எல்லப்பன்!"

கை தட்டினார்கள். பாஸ்கரின் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. அவர் சொன்னதில் தப்பும் இல்லை. தேவகிக்கே அது தெரிந்தது. ஆனால் கலங்கலில் மூட்டை அடுக்கினது லஸ்கர் இல்லாததாலா, இருந்திருந்தால் அடுக்காமல் இருந்திருப்போமா என்று அவளுக்குள் ஒன்று கேட்டது. முனியன் இருந்த காலத்தில் அவரையே கூப்பிட்டு வைத்துக்கொண்டு அடுக்கினவர்கள்தானே இவர்கள்.

மைக்கை அவள் கையில் கொடுத்தார்கள்.

"எனக்கு ஒண்ணியும் வாணாம்" என்றாள். ஸ்பீக்கரில் தன் குரலையே கேட்டதும் கொஞ்சம் பயந்துவிட்டாள். "ரெண்டு மதகையும் தொறந்து வுடுங்க. கலங்கல் நிக்கட்டும். அவர தேடணும். அவ்ளோதான்."

பாஸ்கர் மைக்கை வாங்கிக்கொண்டார். "கேட்டீங்களா! இந்தத் தாய் கேக்குறது என்ன? அரசாங்கமே, வந்து மதகைத் திற! திறக்கிற வரைக்கும் ஓயமாட்டோம்!"

ஓயமாட்டோம் என்றது கூட்டம். அப்புறம் வேனில் ஏறி நாஷ்டாவுக்குப் போனது.

சாயந்திரம் ஆளுங்கட்சி துரைராஜ் வந்தார். பெரிய மாலையோடு வந்தவர், படம் எங்கே என்று கேட்டார். எல்லப்பனுக்குத் தனியாகப் படம் ஏது. ரேஷன் கார்டில் குடும்பத்தோடு இருந்ததுதான். மாலையை ஒரு காலி நாற்காலியில் சாத்தினார்கள். தேவகி கூட்டம் தொடங்குவதற்கு முன்பே அவரிடம் போய் நின்றாள்.

"ஐயா, மதகு தொறக்கணும்யா. ஆபீஸ்ல ஆர்டரு வோணும்னு சொல்றாங்க. ஒரு வார்த்த சொல்லுங்கய்யா."

"ஆர்டர் எதுக்கும்மா? இரு, மேடையிலயே சொல்றேன்."

சொன்னார். அவரும் சளைத்தவர் இல்லை.

"இந்த ஏரிய வெட்டினது யாரு? உங்க பாட்டன் பூட்டன். அன்னைக்கு எந்த லஸ்கர் இருந்தான்? சம்பளம் வாங்குறவன் இருந்திருந்தா அந்த மழையில போர்வைய இழுத்துப் போத்திக்கினு படுத்திருப்பான். எல்லப்பன் எழுந்து போனாரு. ஏன்? ஊரு தன்னுதுன்னு நெனச்சாரு. ஊருக்கு இப்படி ஒருத்தர் இருந்தா அரசாங்கத்துக்கு இவ்ளோ பெரிய பட்டாளம் எதுக்குய்யா? வாய் துடைக்கவும் அரசாங்கமா? இந்த அம்மா மதகு தொறக்கணும்னு கேக்குறாங்க. நான் சொல்றேன், தாராளமா தொறங்க! உங்க ஏரி, உங்க மதகு! எந்த அதிகாரியும் குறுக்க நிக்கமாட்டான்!"

அதற்கும் கை தட்டினார்கள். காலையில் தட்டின கைகளும் அதில் இருந்தன. தட்டிவிட்டு அவரவர் மாட்டைப் பிடித்துக் கட்டப் போனார்கள். அரசாங்கம் வரணும் என்றவரும் போய்விட்டார், வரவேண்டாம் என்றவரும் போய்விட்டார். மதகு மூடினபடியே இருந்தது.

குத்புதீன் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். தேவகி எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"வூட்டுக்குப் போம்மா, தங்கச்சி. பொண்ணு ஒண்டியா கீது."

"பாய், சாவி என் வூட்லதான் கீது."

அவர் சுற்றுவதை நிறுத்தினார்.

"இத்தினி நாளா அத்த கண்ணால பாத்துக்கினுதான் கீறேன். யாராச்சும் பெரியவங்க வந்து தொறப்பாங்கன்னு குந்திக்கினு இருந்துட்டேன், பாய். யாரும் இல்ல."

"தொறந்தா கேசு கீசு போடுவாங்களா, தங்கச்சி?"

"தெரில."

"போட்டா நா வந்து நிக்கிறேன். எயுந்திரு. அது துருவேறி கீது, ஒண்டியா திருப்ப முடியாது."

வீட்டில் சாவியை எடுத்துக்கொண்டு, அம்முலுவையும் கூட்டிக்கொண்டு பெரிய மதகுக்குப் போகிற வழியிலேயே விஷயம் பரவி, கிருஷ்ணசாமி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரைமேல் ஓடிவந்தார். பின்னால் பத்துப் பதினைந்து பேர்.

"எம்மா, எம்மா, நில்லு! நாத்து முயுகிடும்! நாலு வருசத்துக்கு அப்பால வந்த தண்ணிம்மா!"

தேவகி நிற்கவில்லை. சாவியைத் திருகில் மாட்டினாள். அப்புறம்தான் திரும்பிப் பார்த்தாள்.

"மாமா, இந்த மதகாண்ட மொதக் கயனி யாருது?"

அவளுடையதுதான். மாமனார் விட்டுப்போன துண்டு நிலம். அவளும் எல்லப்பனும் அம்முலுவும் மழையில் கோணியைப் போர்த்திக்கொண்டு நட்ட நாற்று பச்சை பிடித்துக்கொண்டிருந்தது.

"மொதல்ல எங்க கயனிதான் முயுகும். அப்பால உங்களுது. உங்க நாத்து போனா இன்னொரு தபா நடலாம், மாமா. நானே வந்து நட்டுக் குடுக்கறேன்."

கிருஷ்ணசாமி ஏரியைப் பார்த்தார். கலங்கல் பக்கம் தண்ணீர் விழுகிற இரைச்சல் இங்கேவரை கேட்டது. அந்த ஒரு முழம் தண்ணீருக்கு ஆசைப்பட்டு முதல் மூட்டையைத் தூக்கி வைத்தவர் அவர்தான். அதை அவருக்கு யாரும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

"டேய்" என்றார் பின்னால் நின்றவர்களைப் பார்த்து. "இன்னா வேடிக்க பாக்கறீங்க. மம்மட்டி எடுத்தாங்கடா. மடைய வெட்டி வுடுங்க, வர்ற தண்ணிய ஓடைக்குத் திருப்பலாம். ஒரு ஆளு போயி சின்ன மதகாண்ட நில்லு. இத்த முடிச்சிட்டு சாவிய எடுத்தாரேன்."

குத்புதீனும் தேவகியும் சேர்ந்து திருகினார்கள். முதலில் அசையவில்லை. கிருஷ்ணசாமியும் கை கொடுத்தார். பலகை கிறீச்சிட்டு எழும்பியதும் மதகுக்குக் கீழே தண்ணீர் செம்மண் நிறத்தில் பொங்கிக்கொண்டு வந்தது. தேவகியின் நாற்று கண்ணெதிரே சாய்ந்து மறைந்தது. அம்முலு, "அம்மா" என்று அவள் தோளைப் பிடித்தாள். தேவகி அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஆம்பளைகள் முறை வைத்துக்கொண்டு மடை பார்த்தார்கள். பின்தெருவிலிருந்து ஒருத்தி, மீன் குழம்பு வைத்தவளேதான், தூக்கில் கேழ்வரகுக் கூழும் வெங்காயமும் கொண்டுவந்து கரைமேல் இருந்தவர்களுக்கு ஊற்றினாள். தேவகியின் கையிலும் ஒரு சொம்பைத் திணித்தாள். தேவகி அத்தனை நாளைக்கு அப்புறம் ரெண்டு வாய் குடித்தாள்.

மறுநாள் வெயில் ஏறும் நேரத்தில் கலங்கல் நின்றது. இரைச்சல் நின்றதும் ஊர் மொத்தமும் வெளியே வந்துவிட்டது. கால்வாயில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது. தீயணைப்பு வண்டிக்குச் சொல்லி அனுப்பினார்கள். அது வருவதற்குள் ஊர் ஆட்களே கத்தியோடு இறங்கி முள்ளை வெட்டிக்கொண்டு போனார்கள். கால்வாய் நெடுக அவன் உடம்பு இல்லை. கடைசியில் தார்ரோட்டுக்கு வந்து, பாலத்துக் கண்ணை அடைத்திருந்த குப்பையை இழுத்தார்கள். முதலில் ஒரு யூரியா சாக்கு வந்தது. ரெண்டாவது வந்தது. மூன்றாவதுக்குப் பின்னால் ஒரு கால் தெரிந்தது.

மேலே பந்தல் இன்னும் பிரிக்காமல் நின்றது. ரெண்டு கூட்டமும் எத்தனை முறை அவன் பேரைச் சொல்லிக் கை தட்டியதோ, அத்தனை முறையும் அவன் அதற்குக் கீழேதான் கிடந்திருக்கிறான்.

உடம்பை இழுத்துக் கால்வாய் ஓரத்தில் கிடத்தியதும், குத்புதீன் பந்தல் துணியைக் கிழித்துக் கொண்டுவந்து போர்த்தினார். தேவகி பக்கத்தில் உட்கார்ந்து, துணியை விலக்கிக் காலைத் தொட்டுப் பார்த்தாள். பெருவிரல் நகம், மாடு மிதித்துக் கோணலானது. அவனேதான். பொம்பளைகள் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி எடுத்தார்கள். செய்தி எப்படிப் போனதோ, ரெண்டு பக்கத்திலிருந்தும் கார்கள் வந்துவிட்டன. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம். பாஸ்கரின் ஆட்கள் உடம்பை ஆபீஸ் வாசலில் வைத்து மறியல் பண்ணவேண்டும் என்றார்கள். துரைராஜின் ஆட்கள், மக்களே திறந்து மக்களே எடுத்தார்கள், இதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை என்றார்கள். எந்தக் கொடியைப் போர்த்துவது என்று இழுபறி ஆனது. ஒருவர் குத்புதீனிடம் மைக்கைப் போடச் சொன்னார். "ரிப்பேரு" என்றார் குத்புதீன், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

தேவகி எழுந்து நின்றாள். அவள் பேசப்போகிறாள் என்று நினைத்து ரெண்டு பக்கமும் சத்தம் அடங்கியது.

"மதகு ரெண்டும் தொறந்தே கீது" என்றாள்.

யாருக்கும் சட்டென்று புரியவில்லை.

"தண்ணி சும்மா போய்க்கினு கீதுங்க. மூடணும்."

"ஆமாம்பா, யாராச்சும் போய் மூடுங்கப்பா" என்றார் பாஸ்கர்.

"போங்கய்யா, யாராவது ஒருத்தர்" என்றார் துரைராஜ்.

கிருஷ்ணசாமி முழங்காலளவு சேற்றில் நின்று உடம்புக்குப் பாடை மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார். குத்புதீன் எல்லப்பனின் தலைமாட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தேவகி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, புருஷனை அங்கேயே விட்டுவிட்டு, கரைமேல் ஏறி நடந்தாள். அம்முலு ஓடிவந்து சேர்ந்துகொண்டாள்.

சாவி மாட்டினபடியே இருந்த சின்ன மதகை முதலில் மூடினார்கள். பெரிய மதகுக்கு ரெண்டு பேர் பலமும் வேண்டியிருந்தது. தாயும் மகளும் திருகின் மேல் மார்பை வைத்து அழுத்தித் திருப்பினார்கள். பலகை இறங்க இறங்கத் தண்ணீர் மெலிந்து, கல்லில் ஒட்டி வழிந்து, நின்றது. கீழே சேறு மூடிய கழனியில் ஒன்றிரண்டு நாற்று நுனி தெரிந்தது. தேவகி மதகுக் கல்லில் உட்கார்ந்தாள். தூரத்தில் பாலத்தருகே கூட்டம் மறுபடியும் சத்தம் போட ஆரம்பித்திருந்தது. அவள் அந்தப் பக்கம் பார்த்து, முதல்முறையாக வாய்விட்டு அழுதாள்.

"மூடிட்டேன்யா... ஒரு சொட்டு போவாது. நீ போய்ட்டு வா."